வானம் கருத்தால் ஓடும் கால்கள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்து கோணலாக வரும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றில் போய் நிற்பேன். இப்போது மறதியும் ஜாஸ்தி. நம் சபைப் பெண்கள் பத்திரிகையின் பயணப் பக்கத்தில் ஊட்டி போனவர்கள் எழுதியிருக்கிறார்கள், ஒரு டீச்சரம்மா எருசலேம் போய் வந்து எழுதினார். நான் போனது ஒடுகத்தூர்ப் பக்கம். ஆம்பூரிலிருந்து இரண்டு பஸ். இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று போதகரம்மாவிடம் கேட்டேன். "நீங்க எழுதுங்க, படிக்கிறது எங்க வேலை" என்றார். நாலு பேர் முன்னால் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

கத்திரி பிறந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போன் வந்தது. என் பழைய சிநேகிதி குப்புவின் மருமகள் செல்வி.

"பெரீம்மா, மல்லாட்ட புடுங்கிட்டு இருக்கோம். நான் காலைல கொல்லைக்குப் போய்ட்டா சாயங்காலம்தான் வருவேன். அவரும் லாரில போய்ட்டாரு, வர பத்து நாளு ஆவும். அத்த வூட்ல தனியா இருக்காங்க. மானம் கருத்தா போதும், களத்துக்கு ஓடறாங்க. போன வருசம் பட்டது போதாதா? நான் சொன்னா, நீ இன்னா எனக்கு மேஸ்திரியான்னு கேக்கறாங்க. நீங்க ஒரு நாலு நாளு வந்து இருங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, கொல்லை என்றால் வயல். அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். போன வருடம் பட்டது என்று அவள் சொன்னது இடி. களத்து ஓரத்தில் இருந்த பனை மரத்தில் விழுந்தது. குப்பு பத்தடி தள்ளி நின்றிருந்தாள். உயிர் தப்பியது, வலது காது போய்விட்டது. வேலூரில் காட்டினார்கள், திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு ஆம்பூர் பஸ் நிலையத்தில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். மாதனூர் பத்து கிலோமீட்டர் இருக்கும். அங்கே இறங்கி ஒரு டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். ஒடுகத்தூர் பஸ் எட்டரைக்கு என்றார்கள், ஒன்பதுக்குத்தான் வந்தது. அதற்குள்ளாகவே வெயில் முதுகைச் சுட்டது.

மாதனூர் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் முந்தின நாள் காற்று போன வழி தெரிந்தது. ஒரு வாழைத் தோப்பு முழுவதும் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. யாரோ கையால் தடவிப் படுக்க வைத்த மாதிரி. கொஞ்ச தூரம் போனதும் ஒரு மாட்டுக் கொட்டகையின் தகரம் வேப்ப மரத்தில் மாட்டிக்கொண்டு ஆடியது. அதற்கடுத்த வயலில் ஒரு கதிர்கூடக் கலையாமல் நெல் நின்றது. மழை பார்த்துப் பார்த்து விழுந்திருக்கிறது.

கண்டக்டர் என் பக்கத்துக் கம்பியில் சாய்ந்து நின்றார்.

"நேத்து நாலு மணிக்கு அடிச்சுது ஆயா. பத்தே நிமிசம். மழ வேணும்னு சாமி கும்புடறதா, வேணாம்னு கும்புடறதான்னே தெரில."

"பஸ்ஸு இன்னா பண்ணீங்க?" என்று கேட்டேன். வெளி ஆளிடம் நான் கேட்டதே பெரிய காரியம்.

"ஓரங்கட்டிட்டு உள்ளயே குந்திட்டோம். இரும்பு வண்டி, கதவ சாத்திட்டா ஒண்ணும் ஆவாது. பைக்ல வர்றவங்கதான் பாவம். நனையக் கூடாதுன்னு புளிய மரத்தாண்ட போய் நிக்கறாங்க. இந்தப் பக்கமா வாங்கடான்னு ஜன்னல்ல தலய வுட்டு நான் கத்தறேன். ஒருத்தன் கைய ஆட்டறான். டாட்டா சொல்றேன்னு நெனச்சிட்டான்."

முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "அவனுக்கு ஒண்ணும் ஆவல" என்று சேர்த்துச் சொன்னார். கேட்டவர்கள் கவலைப்படக் கூடாது என்று நினைத்தார் போலிருக்கிறது.

ஒடுகத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய், மலைப் பக்கமாக மூன்று கிலோமீட்டர். கிராமத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று குப்பு சொல்லியிருக்கிறாள். "என் காது போனத ஊர் ஊரா தண்டோரா போடணுமா?" என்றாள். அதனால் விட்டுவிடுகிறேன்.

பத்தேகால் மணிக்கு வாசலில் நின்றேன். குப்பு முறத்தோடு எழுந்து வந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னைவிட வேகமாக நடப்பவள்.

"யக்கா! இந்தப் பக்கம் வந்து பேசு. அந்தக் காத வாடகைக்கு வுட்டுட்டேன்."

செல்வி ஏற்கனவே கொல்லைக்குப் போய்விட்டாள். வீடு சின்ன கான்கிரீட் வீடு. எதிரே முப்பது காலடி தூரத்தில் சிமெண்டுக் களம், ஒதுங்குவதற்கு ஒரு செடிகூட இல்லாத பொட்டல். ஓரத்தில் அந்தப் பனை நின்றது. தலை இல்லை. உச்சியிலிருந்து அடிவரைக்கும் கோடு கிழித்த மாதிரி கருகியிருந்தது. களம் முழுக்கக் கடலை காய்ந்துகொண்டிருந்தது. அது செல்வியுடைய வருடம் முழுவதற்குமான பாடு. அடுத்த விதைப்புக்கு விதையும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பிடும்போது குப்பு சொன்னாள்: "நாலு மூட்ட மல்லாட்டைக்கு ஆசப்பட்டு உசுர வுடப் பாத்தான்னு சொல்றாங்க யக்கா. செல்வியும் அப்படித்தான் நெனைக்கறா. நான் ஆசயில ஓடல. எப்ப எழுந்தேன், எப்ப அங்க போனேன், எனக்கே தெரியாது."

எனக்குத் தெரியும். அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரிய நியாயம் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தோம். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்பார்கள். எங்களுக்குக் காயப்போடுகிற வேலை. மொட்டை மாடியிலும் முற்றத்திலும் தோலை விரிப்போம். பாதி காய்ந்த தோலில் ஒரு துளி விழுந்தாலும் புள்ளி நிற்கும். புள்ளி நின்றால் ரிஜெக்ட். அதனால் கோடையில் எங்கள் கண் தோலில் இருந்தாலும் நினைப்பு வானத்தில் இருக்கும். மலை மேல் கொஞ்சம் கருத்தால் மேஸ்திரி குரல் கொடுப்பதற்கு முன்னாலேயே ஓடுவோம். ஒரு தோலுக்கு இரண்டு பேர். கழுத்துப் பக்கம் நான், வால் பக்கம் குப்பு. "புடி" என்பேன், பிடிப்பாள். மடித்து அடுக்கித் தலையில் ஏற்றி உள்ளே கொண்டு போய்விடுவோம். எங்கள் ஜோடி ஒரு தோலைக்கூட நனையவிட்டதில்லை என்று பெயர் இருந்தது. மற்ற ஜனங்கள் மழை வந்தால் உள்ளே ஓடுவார்கள். எங்களை முப்பத்திரண்டு வருடம் வெளியே ஓடப் பழக்கினார்கள். மாடியில் இடிக்குக் கீழே நிற்கிறோம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. நாங்களும் நினைக்கவில்லை.

இதை செல்வியிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஏழு மணிக்கு அவள் களைத்து வந்தாள், சாப்பிட்டாள், தூங்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை. அந்த ஊரில் வானம் எப்படிக் கூடுகிறது என்று பார்த்ததை எழுதுகிறேன். பதினோரு மணிக்குக் களத்தில் வெறும் காலை வைக்க முடியாது. ஒரு மணிக்கு இலை அசையாது, நாய்கூடக் குரைக்காது. இரண்டு மணிக்கு மலைக்குப் பின்னால் வெள்ளையாக, பஞ்சு மூட்டையை மேல் மேல் அடுக்கின மாதிரி மேகம் எழும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். மூன்று மணிக்கு அதன் அடி வயிறு கருத்துவிடும். அதற்குப் பிறகு வந்தால் வரும், வராவிட்டால் வேறு ஊரில் போய் அடிக்கும்.

அன்றைக்கு இரண்டே முக்காலுக்கு செல்வி வீட்டில் வைத்துப் போன போனில் அரசாங்கத்துச் செய்தி வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "இடி... மின்னலுடன்... கூடிய... மழைக்கு... வாய்ப்பு... திறந்த வெளியில்..." படித்து முடிப்பதற்குள் குப்பு வாசற்படியில் இருந்தாள். அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்தேன்.

"வுடு யக்கா, மூடிட்டு வந்துடறேன்."

"மூடறதுன்னா மானம் வெளுப்பா இருக்கும்போதே மூடு. இப்ப குந்து."

"இந்தக் காலு குந்த மாட்டேங்குது, நான் இன்னா பண்றது?"

நான் அதட்டினேன். போன வருடத்தைச் சொன்னேன். நீ போய்விட்டால் செல்விக்கு யார் என்று கேட்டேன். கடலை நனைந்தால் மறுபடி காய வைக்கலாம், நீ நனைந்தால் என்ன செய்வது என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு பேசினேன். மேகம் மேற்கே நகர்ந்து போய்விட்டது. "சரி யக்கா, நீ இருக்கற வரைக்கும் ஓட மாட்டேன்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். செல்வி வந்ததும் அதைச் சொன்னேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க சந்தோஷமாக இருந்தது.

புதன்கிழமையும் அப்படியே. கருத்தது, உறுமியது, போனது. குப்பு நடு வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து விரலை நெரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. கடலையை எடுத்துக் குலுக்கிப் பார்த்த செல்வி, "இன்னும் ஒரு வெயிலு போதும் பெரீம்மா" என்றாள்.

வியாழக்கிழமை. இதுவரைக்கும் எழுதியது எழுதுவதற்குச் சுலபமாக இருந்தது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு குப்பு படுத்தாள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். கேட்கிற காது தலையணையில் அழுந்தியிருந்தது. அப்படிப் படுத்தால் அவளுக்கு உலகமே கேட்காது. நான் வாசலுக்கு நேராக உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தேன். மூன்று மணி இருக்கும். செய்தி வந்ததா என்று தெரியாது, போனை நான் பார்க்கவில்லை. வெயில் சட்டென்று அணைந்தது. மலைப் பக்கம் ஒரு இடி. பாத்திரக் கடையில் பெரிய அண்டாவை உருட்டின மாதிரி.

அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் களத்தில் நிற்கிறேன். கையில் தார்ப்பாயின் முனை இருக்கிறது.

புளித் தட்டை எப்போது கீழே வைத்தேன், முப்பது காலடியை எப்படிக் கடந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. மறதி என்று மேலே சொன்னேன், இது அந்த மறதி இல்லை. காற்று தார்ப்பாயை வயிறு மாதிரி ஊதியது. நான் "புடி" என்று கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன்? எதிரே ஆள் இல்லை.

காற்றில் வீட்டுக் கதவு படாரென்று அடித்த அதிர்வில் குப்பு எழுந்திருக்கிறாள். எழுந்தவள் நான் தனியாக ஒரு முனையைப் பிடித்து நிற்பதைப் பார்த்தாள். ஓடி வந்து எதிர் முனையைப் பிடித்தாள். வால் பக்கத்தை. இரண்டு பேரும் குனிந்தோம், இழுத்தோம், கடலை மேல் பாதி தூரம் கொண்டு வந்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த அரை நிமிடம் எனக்குப் பயம் இல்லை. கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது.

அப்போது என் கை முடி எழுந்து நின்றது. தலையில் எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தது. எனக்கு அது என்னவென்று தெரியாது. குப்புவுக்குத் தெரியும், போன வருடம் பட்டவள். அவள் நிமிர்ந்து அந்தத் தலையில்லாத பனையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"வுடு யக்கா! வுடுன்னா வுடு!"

அவள் முனையைப் போட்டுவிட்டாள். நான் விடவில்லை. என் விரல் பிரியவில்லை. அவள் ஓடி வந்து என் கையில் அடித்தாள், நன்றாக வலிக்க அடித்தாள். பிறகு முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். படியேறி உள்ளே விழுந்தோம். கதவைச் சாத்துவதற்குள் வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்தது, சத்தம் கூடவே வந்தது. முன்னால் பின்னால் இல்லை, கூடவே. வீடு ஆடியது. பக்கத்துத் தோப்பில் ஒரு தென்னை பிளந்திருந்ததை மறுநாள் பார்த்தேன்.

ஆலங்கட்டி விழுந்தது. நடு வீட்டில் சுவரைத் தொடாமல் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டோம். நான் "இயேசுவே, இயேசுவே" என்கிறேன், அவள் "அர்ஜுனா, அர்ஜுனா" என்கிறாள். நடுவில் என்னைப் பார்த்து, "நீ உன் ஆள கூப்புடு, நான் என் ஆள கூப்புடறேன். யாருக்கு வேல கம்மியா இருக்கோ அவரு வரட்டும்" என்றாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். நான் சும்மா உட்கார்ந்து புளி ஆய்ந்திருந்தால் அவள் தூங்கிக்கொண்டே இருந்திருப்பாள். கதவு அடித்து எழுந்திருந்தாலும், பக்கத்தில் என்னைப் பார்த்து அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

ஐந்தரைக்கு செல்வி வந்தாள். ஆட்களோடு பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒதுங்கியிருந்திருக்கிறாள். கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் கிளம்பினார்கள், அது அவள் மற்றவர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிற கணக்கு. வந்ததும் களத்தைப் பார்த்தாள். தார்ப்பாய் முள் வேலியில் கிழிந்து தொங்கியது. கடலை தண்ணீரில் மிதந்து கால்வாய்ப் பக்கம் ஒதுங்கியிருந்தது. களத்து நடுவில் குப்புவின் செருப்பு ஒன்று கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மறுபடியும் ஓடினீங்களா அத்த? பெரீம்மா இருக்கறப்பவே ஓடினீங்களா?"

குப்பு என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு செருப்பைப் பார்த்தாள்.

"ஆமா, ஓடனேன். இன்னா இப்ப?"

நான் வாயைத் திறந்தேன். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. வெட்கம் என்று சொல்லலாம், அதைவிட மோசமான பெயரும் இருக்கிறது. செல்வி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லன்னா இன்னைக்கு இவங்கள வாரிக்கொண்டாந்து போட்டிருப்பாங்க பெரீம்மா" என்றாள். குப்பு அடித்த இடம் என் புறங்கையில் சிவந்திருந்தது. அந்தக் கையைத்தான் செல்வி கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் கிளம்பினேன். நனைந்த கடலையை செல்வி வீட்டுக்குப் பின்னால் கொட்டி வைத்திருந்தாள். பாதி முளைத்துவிடும், ஆட்டுக்குத்தான் ஆகும். மீதியைக் காய வைத்துப் பார்க்கிறேன் என்றாள். என்னை ஆட்டோ ஏற்ற வந்தவள் இடுப்பிலிருந்து ஒரு பூட்டை எடுத்துக் காட்டினாள், புதுசு.

"இனிமே வெளிய பூட்டிட்டுதான் கொல்லைக்குப் போவேன் பெரீம்மா. கத்திரி முடியற வரைக்கும். வேற வழி தெரில."

குப்பு வாசலில் நின்றிருந்தாள். அவள் கேட்கிற காது எங்கள் பக்கம்தான் இருந்தது. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "போய்ட்டு வா யக்கா. புளிய பாதில வுட்டுட்டுப் போற, வந்து முடி."

நான் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

போன அதே ரோட்டில் திரும்பினேன். படுத்த வாழையை வெட்டி ஓரத்தில் குவித்திருந்தார்கள். இப்போது கண்டக்டர் வேறு ஆள். மரத்தடியில் போய் நிற்கிறவர்களைப் பார்த்து முதல் கண்டக்டர் பரிதாபப்பட்டது ஞாபகம் வந்தது. அவர்கள் நனையக் கூடாது என்று நிற்கிறார்கள். நாங்கள் தோல் நனையக் கூடாது, கடலை நனையக் கூடாது என்று நிற்கிறோம். இடிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆம்பூருக்கு வந்து சேர்ந்த மறுநாள் இங்கேயும் கருத்தது. எங்கள் தெருவில் பெண்கள் எல்லாரும் காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு ஓடினார்கள். நான் கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கால் துடித்தது. வேலையை விட்டு எட்டு வருடம் ஆகிறது, இன்னும் துடிக்கிறது. வானத்தைப் பார்த்து ஓடப் பழகின காலுக்கு வானத்தைக் காட்டி நில் என்றால் நிற்காது. கடிகாரத்தைக் காட்டினால் ஒருவேளை நிற்கும். வெயில் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் இரண்டு மணிக்கே கடலையை மூடிவிடுவது என்று வைத்தால், மூன்று மணிக்கு ஓட வேலையே இருக்காது. குப்பு ஷாப்பில் ஒரு நாளும் நேரம் தப்பினவள் இல்லை. அந்த வேலையை அவளிடம் கொடுத்தால் சரியாகச் செய்வாள். இதை அங்கே இருக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

போதகரம்மா, இதில் கிலோமீட்டர், பஸ் நேரம், ஆட்டோ ரேட் எல்லாம் தப்பாக இருக்கலாம். யாராவது சரி பார்க்க வேண்டும். பத்திரிகை அச்சாகும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். செல்வியின் நம்பர் என் மகனிடம் இருக்கிறது, இந்தக் காகிதங்களைப் போனில் படம் எடுத்து இன்றைக்கே அவளுக்கு அனுப்பிவிடுங்கள். கத்திரி இன்னும் முடியவில்லை. எந்தக் கிழமை எந்த நேரம் என்று அவள் பார்த்துத் திருத்தட்டும். வியாழக்கிழமை களத்துக்கு யார் முதலில் ஓடினது என்கிற இடத்தை மட்டும் யாரும் திருத்த வேண்டாம். அது சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். செல்வி அதை இரண்டு தடவை படிக்கட்டும், படித்துவிட்டுப் பூட்டைத் திறக்கட்டும்.